தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து கேத் லேபுக்கு: மாரடைப்பு நோயாளிக்காக ஒரு போனைத் தயார் செய்வது எப்படி

கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் கூடம்) இல்லாத ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மலையடிவாரத்தில் ஒரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களிடம் ஈ.சி.ஜி. மெஷின் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது, ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறது, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் ஸ்டாக் இருக்கிறது. இதய மருத்துவர் இல்லை. ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாயில் சாயம் செலுத்தி அடைப்பைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டுமென்றால் நோயாளி இரண்டு டவுனைத் தாண்டி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். ராத்திரியில் ஒன்றரை மணி நேரம். சந்தை நாளில் அதற்கும் மேல்.

அந்த ரோட்டை நாம் சுருக்க முடியாது. ஆனால் நோயாளி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக நடக்கிற வேலைகளை, அவர் நம் கட்டிலில் படுத்திருக்கும்போதே முடித்துவிடலாம். ஈ.சி.ஜி.யைப் பெரிய டாக்டர் பார்ப்பது, ஊசி போடலாமா என்று முடிவெடுப்பது, கேத் லேப் ஆட்களை வரச் சொல்வது, காப்பீட்டு நம்பரைப் பதிவது எல்லாமே அப்படிப்பட்ட வேலைகள்தான். இதற்கு ஒரு சாதாரண ஸ்மார்ட்போனும், இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் முன்கூட்டியே பேசி வைத்த ஒரு ஏற்பாடும் வேண்டும். ஏற்பாடு இல்லாத போன் வெறும் போன்தான்.

முதலில் நேரக் கணக்கு

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முழுசாக அடைத்துக்கொள்ளும் மாரடைப்பைத்தான் இங்கே சொல்கிறேன். வார்டில் ‘ஸ்டெமி’ என்போம். அடைப்பைத் திறக்க இரண்டு வழி. ஒன்று, கேத் லேபில் பலூன் வைத்து, ஸ்டென்ட் போட்டுத் திறப்பது. இன்னொன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி, லைசிஸ் என்போம். ஸ்டெமி என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைக்க முடியுமானால் நேராக அனுப்புவதே நல்லது. முடியாது என்றால், தடை ஏதும் இல்லாத நோயாளிக்கு இங்கேயே ஊசி போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். வலி தொடங்கி முதல் 3 மணி நேரத்தில் இந்த ஊசி மிக நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் வரைக்கும் போடலாம், ஆனால் நேரம் போகப் போகப் பலன் குறையும். ஊசி போட்டவரையும் அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்யும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும்.

இந்த 120 நிமிடத்தில் பயணம் மட்டும் இல்லை. ஆம்புலன்ஸ் வரும் நேரம், நோயாளியை ஏற்றும் நேரம், அங்கே இறக்கி லேபுக்குள் கொண்டுபோகும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே எங்களைப் போன்ற இடத்தில் பெரும்பாலும் ஊசியே சரியான வழி. அதைப் போடலாம் என்று ஓர் இதய மருத்துவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து உறுதி சொன்னால், தனியாக டியூட்டியில் நிற்கும் இளம் டாக்டருக்குக் கை நடுங்காது. போனின் பெரிய உபயோகம் என் கண்ணில் இதுதான்.

இது தமிழ்நாட்டில் செய்து பார்த்த முறை. 4 பெரிய மையங்களையும் சுற்றியிருந்த 35 சின்ன ஆஸ்பத்திரிகளையும் 108 ஆம்புலன்ஸோடு இணைத்து, ஈ.சி.ஜி.யைத் தூரத்துக்கு அனுப்பி, ஊசி போட்டுப் பிறகு ஆஞ்சியோவுக்கு மாற்றும் ஏற்பாடு ஒன்றை இங்கே நடத்தினார்கள். 2,420 நோயாளிகளைப் பார்த்த அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஏற்பாட்டுக்கு முன்னால் ஆஞ்சியோ கிடைத்தது 35 சதவீதம் பேருக்கு, பின்னால் 60.8 சதவீதம் பேருக்கு. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்த மூன்று சதவீதச் சொச்சத்தை நான் குடும்பங்களாகத்தான் பார்க்கிறேன்.

யாருடைய போன்?

யாருடையதாகவும் இருக்கக் கூடாது. கேஷுவாலிட்டியின் போனாக இருக்க வேண்டும். இரண்டு ஆஸ்பத்திரிக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழுவை டாக்டரின் சொந்த போனில் வைத்தால், அவர் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது குழுவும் அவர் பாக்கெட்டில் போய்விடும். புதிதாக வந்தவருக்கு நம்பரே தெரியாது.

விலை உயர்ந்த போன் தேவையில்லை. கேமரா சின்ன எழுத்தைத் தெளிவாக எடுக்க வேண்டும், பேட்டரி ஒரு நாள் தாங்க வேண்டும், இரண்டு சிம் போட இடம் வேண்டும். இரண்டு சிம்மும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு டவர் படுத்துவிட்டால் இன்னொன்று கை கொடுக்கும். ரீசார்ஜ் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் என்பதை எழுதி ஒட்டுங்கள். பணம் தீர்ந்த சிம் நடுராத்திரியில்தான் தெரியவரும்.

கேஷுவாலிட்டிக்குள் எந்த மூலையில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று நடந்து பாருங்கள். பழைய கட்டிடங்களின் சுவர் தடிமன், ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்தில் ஒரு கோடுகூட இருக்காது, டிரெஸ்ஸிங் டேபிள் பக்கத்து ஜன்னலில் முழுசாக இருக்கும். அந்த ஜன்னலை ஒட்டிச் சார்ஜர் மாட்டி, போனை நைலான் கயிற்றில் கட்டி வையுங்கள். ஷிஃப்ட் மாறும்போது மருந்து ஸ்டாக் எண்ணி ஒப்படைப்பது போல, போனும் சார்ஜும் சிக்னலும் சரி என்று கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும்.

லாக் நம்பர் டியூட்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், வெளியாட்களுக்குத் தெரிய வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாகக் கேலரியில் சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். மற்றபடி அந்தப் போனில் வேறு எதுவும் வேண்டாம். யூடியூப் வேண்டாம், பிள்ளைகளின் பிறந்தநாள் படம் வேண்டாம்.

குழுவில் யார், என்ன ஒப்பந்தம்

சின்னதாக வையுங்கள். நம் பக்கம் கேஷுவாலிட்டி போன், மருத்துவ அலுவலர், தலைமை நர்ஸ். அந்தப் பக்கம் இதயப் பிரிவின் டியூட்டி போன், கேத் லேப் போன், அவர்களின் பொறுப்பு மருத்துவர். முடிந்தால் 108இன் மாவட்டப் பொறுப்பாளர். குழுவில் நூறு பேர் இருந்தால் எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, அரசாணைப் பி.டி.எஃப். எதுவும் வரக் கூடாது. அந்தக் குழுவில் மணி அடித்தால் ஒரு நோயாளி என்று மட்டுமே அர்த்தமாக வேண்டும். அதற்கென்று தனி ரிங்டோன் வையுங்கள்.

தினமும் காலை 8 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒரு செய்தி போட வேண்டும்: இன்று பதில் சொல்பவர் யார், அவர் நம்பர், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார், கேத் லேப் ஓடுகிறதா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு முறை எங்களிடமிருந்து போன ஒருவர், போய்ச் சேர்ந்த பிறகுதான் மெஷின் சர்வீஸில் இருக்கிறது என்று தெரிந்து வேறொரு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் மனைவி அந்த ரெஃபரல் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஒரு வரிச் செய்தி அதைத் தடுத்திருக்கும்.

பிறகு நிமிடக் கணக்கு. நாம் ஈ.சி.ஜி. போட்டால் 5 நிமிடத்துக்குள் பதில். வராவிட்டால் நாமே போனில் கூப்பிடுவோம். அவரும் எடுக்காவிட்டால் இரண்டாவது நம்பர். அதுவும் இல்லையென்றால் நம் டாக்டர் நம் ஆஸ்பத்திரியின் எழுதிவைத்த நெறிமுறைப்படி முடிவெடுத்து வேலையைத் தொடங்கிவிடுவார், பிறகு தெரிவிப்பார். இதை இரு பக்கத்துப் பொறுப்பாளர்களும் கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் வைத்திருக்க வேண்டும். பதிலுக்காகக் காத்திருந்து ஊசி தாமதமானது என்ற பேச்சே வரக் கூடாது.

நெஞ்சுவலி என்று வந்ததும்

வாசலில் நுழைந்ததிலிருந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும். ஓ.பி. சீட்டு பிறகு போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு எடுப்பது என்பதில் தாராளமாக இருங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சினிமாவில் வருவது போல வருவதில்லை. வாழைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிவிட்டு, மகன் ஓட்டும் எக்ஸ்எல் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருவார்கள். “வாயுங்க சிஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும்” என்பார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்த வியர்வையை நம்புங்கள், வாயு என்கிற பேச்சை நம்பாதீர்கள். “இருக்கட்டுங்க ஐயா, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துட்டு ஊசி போடலாம்” என்று சொல்லிப் படுக்க வையுங்கள். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்கும், தாடை வலிக்கும், மேல் வயிறு எரியும், வாந்தி வரும், திடீரென்று ஒரே அசதியாக இருக்கும். மருமகளோடு வந்து “ஒண்ணுமில்லீங்க, களைப்பா இருக்கு” என்று ஓரமாக உட்காரும் பாட்டிக்கும் எடுங்கள்.

தூரத்தில் இருக்கும் டாக்டர் பார்க்கப்போவது நாம் எடுத்த கோடுகளை மட்டும்தான். அவருக்கு நோயாளி தெரியாது. அதனால் எடுப்பது ஒழுங்காக இருக்க வேண்டும். நெஞ்சை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையில் லீட் (நெஞ்சில் ஒட்டி மெஷினோடு இணைக்கும் கம்பி) கப் நழுவிக்கொண்டே இருக்கும். முடி அடர்த்தியாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ரேஸர். நெஞ்சு லீட்களில் வி1, வி2 இரண்டையும் நான்காவது விலா இடைவெளியில் வைக்க வேண்டும். அவசரத்தில் பலரும் ஒரு விரற்கடை மேலே வைத்துவிடுகிறார்கள், கோட்டின் வடிவமே மாறிப்போகும். கழுத்துக்குக் கீழே நடு நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டுப்படும், அதையொட்டி இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி இறங்குங்கள். பெண்களுக்கு வி4 முதல் வி6 வரை மார்பகத்துக்குக் கீழே வைக்கிறோம். திரையை இழுத்துவிட்டு, சொல்லிவிட்டு, சேலையைப் போர்த்தியபடியே செய்யலாம். கை கால் லீட் மாறிப்போகவில்லையே என்று ஒரு தடவை பாருங்கள்.

இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீட்களில் கோடு ஏறியிருந்தால், இதயத்தின் அடிப்பக்கம் அடி வாங்கியிருக்கிறது. உடனே வலப்பக்க நெஞ்சில் வி4 வைத்து இன்னொன்று எடுங்கள். வலது கீழறையும் சேர்ந்திருந்தால் நைட்ரேட் மாத்திரை கொடுத்ததும் பி.பி. விழுந்துவிடும். வி1 முதல் வி3 வரை கோடு இறங்கியிருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடுத்துப் பாருங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால், சிறிது நேரம் கழித்துத் திரும்ப எடுங்கள்; நோயாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மெஷின் தாளின் மேலே தானாக அச்சடிக்கும் ‘நார்மல்’ என்ற சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

படம் எடுப்பது

ஈ.சி.ஜி.யைத் தூரத்துக்கு அனுப்புவது புதிய யோசனை இல்லை. 1905இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐன்தோவன், ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்தில் டெலிபோன் கம்பி வழியாகப் பதிவு செய்தார். இன்று நம்மிடம் அதைவிட நூறு மடங்கு வசதி இருந்தும் மங்கலான படத்தை அனுப்பினால் அது நம் தவறு.

ஈ.சி.ஜி. தாள் வழவழப்பானது, சுருண்டுகொள்ளும். ஒரு கிளிப் பேடில் நான்கு மூலையிலும் பிளாஸ்டர் ஒட்டி விரியுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை விழும், சரியாக அந்த இடத்தில்தான் வி2 இருக்கும். கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனைத் தாளுக்கு நேர் மேலே, சாய்க்காமல் பிடியுங்கள். சாய்ந்தால் ஒரு பக்கக் கட்டங்கள் பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் தெரியும், ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தை எண்ண முடியாது. 12 லீடும், ஓரத்தில் அளவுகோல் குறியும், வேகம் 25, உயரம் 10 என்று அச்சடித்த வரியும் படத்துக்குள் வர வேண்டும். நீள ரிப்பனாக வரும் பழைய மெஷின் என்றால் மூன்றாக வெட்டி, லீட் பெயர் எழுதி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி எடுங்கள்.

நோயாளியின் பெயர் இருக்கும் இடத்தை விரலால் அல்ல, ஒரு துண்டு பிளாஸ்டரால் மறையுங்கள். அதன் மேல் கேஷுவாலிட்டி வரிசை எண்ணையும் நேரத்தையும் பேனாவால் எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளலாம். ஒரே ராத்திரியில் இரண்டு பேர் வந்தாலும் குழம்பாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது தெளிவைக் குறைத்துவிடும். ‘டாகுமெண்ட்’ வழியாகவோ ‘ஹெச்.டி.’ என்று தேர்ந்தோ அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் நீங்களே விரலால் பெரிதாக்கிப் பாருங்கள்: சின்னக் கட்டத்தின் கோடு தெரிகிறதா? தெரிந்தால் அவருக்கும் தெரியும்.

செய்தியில் என்ன எழுதுவது

படத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அங்கிருந்து கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். வயது என்ன, வலி எப்போது, பி.பி. எவ்வளவு என்று பத்து நிமிடம் போய்விடும். ஒரே செய்தியில், ஒரே வாசிப்பில் முடிவெடுக்கும்படி எழுதுங்கள். நாங்கள் வைத்திருக்கும் படிவம் இப்படி இருக்கும்:

எண் 14. ஆண், 47 வயது, 68 கிலோ.
வலி தொடங்கியது 4.10. வந்தது 5.25. ஈ.சி.ஜி. 5.31.
பி.பி. வலது 130/80, இடது 128/80. நாடி 92. ஆக்ஸிஜன் 97. மூச்சுத் திணறல் இல்லை.
சர்க்கரை உண்டு, மாத்திரை எடுக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் இல்லை. மருந்து அலர்ஜி இல்லை.
மூளையில் ரத்தக்கசிவு, பக்கவாதம், அண்மையில் ஆபரேஷன், தலைக்காயம், மலத்தில் ரத்தம்: எதுவும் இல்லை.
ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் கொடுத்தது 5.34.
108 சொன்னது 5.36. உங்களிடம் வர 95 நிமிடம்.
கேள்வி: இங்கேயே லைசிஸா, நேராக அனுப்பவா?

கடைசி வரி முக்கியம். கேள்வியில்லாத செய்திக்கு ‘பார்த்தேன்’ என்று கட்டைவிரல் மட்டும் வரும். எடையை ஏன் எழுதுகிறோம் என்றால், கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது: 60 கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம், அப்புறம் பத்துப் பத்துக் கிலோவுக்கு ஐந்தைந்தாக ஏறி, 90க்கு மேல் 50. இந்த நோயாளிக்கு 35. வயது 75ஐத் தாண்டியிருந்தால் பாதி அளவு போடுவதுண்டு, அதை அங்கிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் பி.பி. பார்ப்பது, பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்காக. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்தால், வலி முதுகுக்குக் கிழித்துக்கொண்டு போகிறது என்று சொன்னால், கரைக்கும் ஊசி ஆபத்து.

இந்த ஆளின் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஐந்தே முக்கால் தாண்டிக் கிளம்பினாலும் ஏழரைக்குப் போய்ச் சேருவார். லேபுக்குள் போய்க் குழாய் திறக்க எட்டு மணி. 5.31இலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். 120 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. எனவே பதில் ‘லைசிஸ் பண்ணி அனுப்புங்க’ என்றுதான் வரும். பயண நேரத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கை அவர்களால் போட முடியாது.

செய்தி போனதும் உடனே கூப்பிடுங்கள். “எண் 14 பாருங்க சார், படம் போட்டிருக்கு” என்று ஒரே வாக்கியம் போதும். அவர் வாயால் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி, குழுவில் எழுதவும் சொல்லுங்கள். பேச்சில் முப்பதும் அறுபதும் மாறிக் கேட்கும் சத்தம்தான் கேஷுவாலிட்டியில் எப்போதும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் மருத்துவர் மருத்துவரிடம் இப்படி ஆலோசனை கேட்பதை அனுமதிக்கின்றன. ஆனால் எதிரே இருக்கும் நோயாளிக்குப் பொறுப்பு நம் டாக்டருக்குத்தான். எழுத்தில் இருக்கும் பதில் அவருக்கும் பாதுகாப்பு.

பதில் வருவதற்குள்

கை சும்மா இருக்கக் கூடாது. படம் எடுப்பவர் ஒருவர், நோயாளியோடு நிற்பவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முயன்றால் மானிட்டரைப் பார்க்க ஆள் இருக்காது.

ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்க வேண்டும். க்ளோபிடோக்ரெல் 300 (லைசிஸ் போடப்போகும் 75 வயது தாண்டியவருக்கு 75 மட்டும்), அடோர்வாஸ்டாடின் 80. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த மூன்று மருந்துகளையும் மொத்தம் 14 மாத்திரைகளாகக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து வந்தவர் என்றால் கொடுத்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். இரண்டாம் முறை கொடுத்துவிடாதீர்கள். ஆக்ஸிஜன் 90க்குக் கீழே இருந்தால் மட்டும் மாஸ்க். இரண்டு கையிலும் மருந்து ஏற்றும் லைன். ஷாக் பேடு கைக்கெட்டும் தூரத்தில். முதல் ஒரு மணி நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோவது சர்வசாதாரணம். அப்போது போனைக் கீழே போட்டுவிட்டு ஷாக் கொடுங்கள்.

லைசிஸ் என்று பதில் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஊசி உள்ளே போயிருக்க வேண்டும். டெனெக்டிப்ளேஸ் என்றால் ஒரே தள்ளு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடம் ஓடும், பி.பி. இறங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள், முன்பு ஒருமுறை அதே ஊசி போட்டவருக்குப் போடக் கூடாது. ஊசி போன நேரத்தைக் குழுவில் எழுதுங்கள்.

குடும்பத்தாரிடம் பேசுவதையும் அந்த நிமிடங்களில்தான் செய்ய வேண்டும். அட்டெண்டர் ஒருவரை மனைவியையோ மகனையோ உட்கார வைக்கச் சொல்லுங்கள். “அண்ணா, இதயத்துக்குப் போற குழாய் அடைச்சிருக்கு, கரைக்கிற ஊசி போடுறோம், ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, போடாம விட்டா அதைவிட ஆபத்து” என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அப்படியே குடும்ப அட்டையையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் வாங்கிப் படம் எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவுக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். அட்டை வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அட்டையை எடுத்து வரக் கிளம்பிப்போன மகன் திரும்பும்வரை ஆம்புலன்ஸ் நின்ற நாட்கள் முன்பு உண்டு, இப்போது இல்லை.

வண்டி கிளம்பியதும்

நேராக அனுப்புகிற நோயாளி என்றால், வந்ததிலிருந்து வெளியேறும்வரை 30 நிமிடம்தான் கணக்கு. ஸ்டெமி என்று தெரிந்த நொடியே 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள், பதில் வந்த பிறகு அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது, இதய நோயாளி, டிஃபிப்ரிலேட்டர் உள்ள வண்டி வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

வண்டியில் போகும் ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர்) அல்லது நம் நர்ஸின் போனிலிருந்து லைவ் லொகேஷனைக் குழுவில் போட வேண்டும். வண்டி எங்கே வருகிறது என்று பார்த்தே கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். நோயாளி அங்கே கேஷுவாலிட்டியில் நிற்காமல் நேராக லேபுக்கோ இதயப் பிரிவுக்கோ போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். வாசலில் வீல்சேரோடு யார் நிற்பார் என்பது வரைக்கும்.

லைசிஸ் போட்டவர்களுக்கு 60 முதல் 90 நிமிடத்தில் இன்னொரு ஈ.சி.ஜி. வேண்டும். பெரும்பாலும் அது வழியில்தான் வரும். ஏறியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கி, வலியும் குறைந்திருந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இறங்கவில்லை என்றால் போய்ச் சேர்ந்ததும் உடனே லேப். வண்டியில் ஈ.சி.ஜி. எடுக்க வசதி இருந்தால் ஓரமாக ஒரு நிமிடம் நிறுத்தி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நோயாளியோடு அசல் ஈ.சி.ஜி. தாளும் மருந்து நேரம் எழுதிய சீட்டும் போக வேண்டும். போனில் அனுப்பியாயிற்றே என்று தாளை நிறுத்திவைக்காதீர்கள். நம் ஃபைலுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், மெஷின் தாள் வெயிலில் மங்கிவிடும்.

படங்களை என்ன செய்வது

ஒரு மனிதரின் உடம்பு விவரம் அது. முகம் படத்தில் வரக் கூடாது. வேறு குழுவுக்குத் தள்ளக் கூடாது, ‘சூப்பர் கேஸ்’ என்று ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை செய்திகளை ரெக்கார்டில் பதிந்துவிட்டுப் போனிலிருந்து நீக்குங்கள். ஆலோசனை கேட்டதும் பதில் வந்ததும் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு இருக்க வேண்டும். போன் தொலைந்தாலும் அது நிற்கும்.

பதிலுக்குப் பதில்

ஏற்பாடு உயிரோடு இருப்பது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் ஒரு வரியால்தான். ‘எண் 14, இடது முன்குழாய் 90 சதவீதம், ஸ்டென்ட் போட்டாச்சு, நல்லா இருக்கார்’ என்று மறுநாள் ஒரு செய்தி வந்தால், இங்கே அன்று நைட் டியூட்டி பார்த்த எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். துப்புரவு அக்கா வரைக்கும் “அந்த வாழைத் தோட்டத்து அண்ணன் எப்படி இருக்காரு சிஸ்டர்?” என்று கேட்பார். இறந்துபோனாலும் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைக் கேட்டு வாங்குங்கள்.

மாதம் ஒரு முறை இரண்டு பக்கமும் வீடியோ அழைப்பில் உட்காருங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு நேரம் மட்டும்: வலி, வருகை, ஈ.சி.ஜி., பதில், ஊசி அல்லது கிளம்பல், போய்ச் சேர்ந்தது. எந்த இரண்டுக்கும் நடுவில் நேரம் ஒழுகுகிறது என்று பார்த்து, அடுத்த மாதத்துக்குள் அந்த ஒன்றை மட்டும் சரி செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒத்திகை

முதல் நோயாளி மேல் இதைச் சோதிக்காதீர்கள். பெயர் மறைத்த பழைய ஈ.சி.ஜி. ஒன்றை எடுத்து, இரு பக்கத்துப் பொறுப்பாளர்களுக்கு மட்டும் தெரிந்தபடி, ‘ஒத்திகை’ என்று மேலே எழுதி, ஞாயிறு பின்னிரவில் குழுவில் போடுங்கள். பதில் எத்தனை நிமிடத்தில் வருகிறது, கூப்பிட்டால் யார் எடுக்கிறார், எந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பகலில் ஒருமுறை, ஓ.பி. கூட்டம் நிற்கும் திங்கட்கிழமை பத்து மணிக்கு. மூன்றாவது தடவை ஒரு சிம்மைக் கழற்றிவிட்டுச் செய்து பாருங்கள். மூன்று முறையும் 5 நிமிடத்துக்குள் பதில் வந்துவிட்டால், இரண்டு ஆஸ்பத்திரியின் நம்பர்களையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஈ.சி.ஜி. மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டுத் தொடங்கிவிடலாம்.